முந்தி வந்த குரல்

மாயம்மாளும் ஒச்சப்பனும் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வருஷம் பேசிக்கொண்டதெல்லாம் நாற்பது பெண்களுக்கு நடுவில்தான். ஆனால் அவர்களில் ஒருத்தி காதிலும் அந்தப் பேச்சு விழுந்ததில்லை.

கொச்சியில், மட்டாஞ்சேரி கடைவீதியில் பின்வாசல் காயலைப் பார்த்துத் திறக்கும் சுக்குக் கிடங்கு அது. பெண்கள் வரிசை வரிசையாகக் குந்தி சுக்கைத் தரம் பிரிப்பார்கள். முறம் தட்டுகிற சத்தம், மூட்டை விழுகிற சத்தம், வாசலில் கைவண்டிக்காரர்களின் கூச்சல், இவற்றோடு நாற்பது பேரின் வாயும் சேர்ந்தால், பக்கத்தில் இருப்பவள் சொல்வதைக் கேட்கவே தலையைச் சாய்க்க வேண்டும். மாயம்மாள் மூன்றாவது வரிசை. ஒச்சப்பன் படகுத்துறைக்கும் கிடங்குக்கும் மூட்டையோடு நடக்கிற சுமைக்காரன். இருவருடையதுமே உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்த குடும்பங்கள். அவன் கடந்து போகையில் அவள் குரலை உயர்த்தாமல், முறத்திலிருந்து முகத்தை மட்டும் நிமிர்த்தி, "இன்னைக்கு என்ன சாப்பிட்ட?" என்று கேட்பாள். இருபதடிக்கு அப்பாலிருந்து, தலையில் மூட்டையோடு, "கப்பக்கிழங்கும் மீனும்" என்பான் அவன்.

கல்யாணமான புதிதில் அவளுக்கு அது ஆச்சரியமாகவே இருந்தது. "அத்தனை எரைச்சல்ல எப்படி மாமா நான் பேசுறது மட்டும் கேக்குது உனக்கு?"

"உன் வாயப் பாத்தா கேக்குது" என்றான் ஒச்சப்பன். "பாக்காட்டி எல்லாப் பொம்பளைகளும் சேந்து கொட்டுற சத்தந்தான். பாத்துட்டேன்னா மத்ததெல்லாம் அடங்கிப்போயி நீ மட்டும் தனியா வந்துருவ."

அதை அவன் காதல் வார்த்தையாகச் சொல்லவில்லை. மூட்டையை எந்தத் தோளில் ஏற்றினால் வலிக்காது என்று சொல்வதுபோலத்தான் சொன்னான். ஆனால் மாயம்மாள் அன்றைக்கெல்லாம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் தன் உதட்டைப் பார்த்தாள். வெற்றிலைக்கறை படிந்த சாதாரண உதடு.

எழுபத்தைந்தில் பெண் குழந்தை பிறந்தது. ஒச்சப்பனின் குலசாமி பெயரில் பேச்சியம்மாள் என்று வைத்தார்கள். குழந்தைக்கு ஒரு வயசு முடிந்து இரண்டு மாதம் ஆனபோதுதான் அது நடந்தது.

மாடியிலிருந்து கப்பியில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கயிறு வழுக்கியது. "மாறு, மாறு!" என்று மலையாளத்தில் விலகச் சொல்லி நாலைந்து பேர் கத்தினார்கள். மற்றவர்கள் விலகிவிட்டார்கள். மூட்டையின் முனை ஒச்சப்பனின் பொட்டில் இடித்து, அவனைத் துறையின் கல்படியில் கொண்டுபோய்த் தள்ளியது. மாயம்மாள் முறத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். காதிலிருந்து கொஞ்சம் ரத்தம். கண் திறந்திருந்தது, ஆனால் அதில் அவன் இல்லை.

படகில் போட்டு எர்ணாகுளத்துக்குக் கொண்டுபோனார்கள். ஐந்து நாள் அவனுக்கு நினைவில்லை. ஆறாம் நாள் காலையில் கண் விழித்தான். மாயம்மாள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து அவன் முகத்துக்கு நேரே குனிந்து, "மாமா, நான் மாயம்மா வந்திருக்கேன், தெரியுதா?" என்றாள்.

அவன் அவளைப் பார்த்தான். பார்த்தவன் கண்களில் பயம் வந்தது. தெரியாத ஆளைப் பார்க்கிற பயமல்ல. தெரிந்த வீட்டுக்குள் எதையோ பார்த்துவிட்ட பயம். கண்ணை இறுக மூடி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். "தெரியுது" என்றான் சுவரிடம்.

வலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள் அவள்.

கையும் காலும் சரியாக இருந்தன. நடந்தான், சாப்பிட்டான், பெயர்களெல்லாம் நினைவிருந்தது. "ஆயுசு கெட்டி" என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் வீட்டுக்கு வந்த பின்னும் மாயம்மாள் வாயைத் திறந்தால் அவன் முகம் வேறு பக்கம் போனது. அவள் சும்மா இருக்கும்போது பார்ப்பான். ஒரு சொல் எழுந்ததும் கண்ணை மூடுவான், அல்லது கூரையைப் பார்ப்பான். நாலடி அகல அறையில் அதை மறைக்கவும் இடமில்லை. குழந்தை கையைப் பிடித்து இழுத்து மழலை பேசினால்கூட அப்படித்தான்.

இன்னொன்றும் நடந்தது. அவள் சொல்வதை அவன் தப்புத்தப்பாகக் கேட்டான். "பாலு வாங்கிட்டு வா" என்றால் அரைமணி கழித்துத் தாளோடு வந்தான். "காது கேக்கலையா, வேணும்னு பண்றியா?" என்று அவள் சீறினாள். அவன் வெளியே போய் வாய்க்கால் ஓரம் உட்கார்ந்துவிட்டான்.

வேலைக்குத் திரும்பியவனால் பழைய வேலை செய்ய முடியவில்லை. ஒரே நேரத்தில் பத்துப் பேர் பேசுகிற இடத்தில் அவனுக்குத் தலை சுற்றியது. யார் கத்துகிறார்கள் என்று தெரியாமல் எதிர்ப்பக்கம் திரும்பினான். இரண்டு தடவை வாந்தி எடுத்தான். சுமைக்காரர்களைக் கூட்டிவந்த மேஸ்திரி வெங்கிடாசலம் நல்ல மனுஷர். மூலையில் உட்கார்ந்து சாக்கு வாய் தைக்கிற வேலையைக் கொடுத்தார். சுவரைப் பார்த்து உட்கார்ந்து தைத்தான். மூன்றாவது வரிசையிலிருந்து அவனுடைய முதுகு தெரியும்.

மாயம்மாள் ஒருநாள் பழையபடி, குரலை உயர்த்தாமல், "மாமா" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். முதுகு அசையவில்லை. சத்தமாகக் கூப்பிட்டாள். பக்கத்துப் பெண்கள் திரும்பினார்கள். அவன் திரும்பவில்லை.

பக்கத்தில் இருந்த மாடத்தி முறத்தைத் தட்டிக்கொண்டே கேட்டாள்: "ஏன்டி, இந்த மனுஷனுக்குத் தலையில அடிபட்டுச்சா, மனசுல அடிபட்டுச்சா? ஒம்பது மாசமாப் பாக்குறேன், ஒம் மூஞ்சியப் பாத்துப் பேசுனத நான் காணல. வெளிய எங்கயாச்சும் தொடுப்பு இருக்கான்னு விசாரிச்சியா?"

அன்று மாயம்மாள் வீட்டுக்கு வந்ததும் குழந்தையைப் பக்கத்து அறையில் விட்டாள். உலை வைக்கவில்லை. அவனுக்கு எதிரே போய் நின்று, இரண்டு கன்னத்தையும் கையால் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"சொல்லு. என் மூஞ்சி உனக்கு அவ்வளவு கசக்குதா? யாரு அவ?"

கண்ணை மூடினான்.

"கண்ணத் தொற! தொறந்து பாத்துச் சொல்லு!"

"வேணாம் புள்ள."

"என்ன வேணாம்? நான் வேணாமா?"

ஒச்சப்பன் அழ ஆரம்பித்தான். மூட்டை விழுந்தபோதுகூட அழாதவன். கண்ணைத் திறக்காமலே, அவள் கைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, துண்டு துண்டாகச் சொன்னான்.

"நீ பேசுறது முன்னால வந்துருது. வாய் அதுக்கப்புறந்தான் அசையுது. பேச்சு ஒரு பக்கம் ஓடுது, வாய் அது பின்னாடி ஓடுது. நீ பேசி முடிச்ச பெறகும் வாய் அசைஞ்சுக்கிட்டே இருக்கு. யாரோ உனக்குள்ள இருந்து பேசுற மாதிரி, உம் மூஞ்சிய யாரோ ஆட்டுற மாதிரி... என்னால பாக்க முடியல மாயா. ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்ச அன்னையிலருந்து இப்படித்தான். எல்லார்கிட்டயும் இப்படித்தான். சொன்னா பைத்தியம்னு கொண்டுபோயிச் சேத்துருவாங்கன்னு பயந்து சொல்லல."

மாயம்மாளின் கை தானாகவே கீழே இறங்கியது. ஒன்பது மாதம் அவள் சுமந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அதன் இடத்தில் வந்தது கோபத்தைவிடக் கனமாக இருந்தது.

மறுநாள் எர்ணாகுளத்துக்குப் படகேறினார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் வெங்கிடேஸ்வரன் என்று ஒருவர். பாலக்காட்டுக்காரர், முப்பது வயசுக்குள். தமிழில் பேசுகிறார் என்பதே மாயம்மாளுக்குப் பாதி ஆறுதல். அவள் சொன்னதைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை. மேஜைமேல் இருந்த எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டினார்.

"இப்போ எது முந்தி வந்தது? தட்டறதைப் பாத்ததா, சத்தமா?"

"சத்தம்" என்றான் ஒச்சப்பன்.

தள்ளி நின்று தட்டினார். சத்தம். ஜன்னல் பக்கம் போய் ஒரு தடிப் புத்தகத்தைக் கீழே போட்டார். சத்தம்தான் முந்தி. பிறகு நேரே உட்கார்ந்து சில சொற்களைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னார். பத்தில் ஆறு தப்பு. ஒரு காகிதத்தைத் தன் வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு அதே சொற்களைச் சொன்னார். பத்தும் சரியாக வந்தது.

டாக்டர் காகிதத்தைக் கீழே வைத்தார்.

"இதோ பாருங்கோ. கண்ணால பாக்கறதும் காதால கேக்கறதும் வேற வேற வழியாக்கும் உள்ள வரது. ஒண்ணு சித்தெ முந்தி வரும், ஒண்ணு பிந்தி வரும். மூளை ரெண்டையும் சேத்து வச்சு, இது ரெண்டும் ஒரே ஆளோடதுன்னு முடிச்சுப் போடும். நமக்கு அது தெரியவே தெரியாது. இவருக்கு அடிபட்ட எடத்துல அந்த முடிச்சு அவுந்துபோச்சுன்னு தோணறது. இவர் ரெண்டாவது வார்த்தையைக் கேக்கறச்சே கண்ணு மொதல் வார்த்தையோட உதட்டைப் பாத்துண்டிருக்கு. ரெண்டும் கலந்து, யாரும் சொல்லாத மூணாவது வார்த்தை ஒண்ணு கேக்கறது."

"அந்தப் பாலு, தாளு..." என்றாள் மாயம்மாள்.

"அதேதான். கூட்டத்துல இன்னும் கஷ்டம். இரைச்சல்ல ஒரு குரலை மட்டும் பொறுக்கி எடுக்கணும்னா காதுக்குக் கண்ணு கை கொடுக்கணும். எந்த வாய் அசையறதோ அந்தக் குரலைப் பிடிச்சுக்கோன்னு கண்ணு சொல்லும். இவருக்குக் கண்ணு தப்பா வழிகாட்டறது."

ஒச்சப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாயம்மாளுக்கு நாற்பது பெண்கள் ஞாபகம் வந்தார்கள். அவன் யாருக்கும் இல்லாத அளவு அதில் கெட்டிக்காரனாக இருந்தவன் என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது?

"மருந்து இருக்கா சாமி?"

"நான் படிச்சவரைக்கும் இல்லை" என்றார் டாக்டர். பொய் சொல்ல அவருக்கு இன்னும் பழகவில்லை. "மூளை சிலப்போ தானே சரியாக்கிக்கும். சிலப்போ ஆக்காது. கூட்டம் சத்தம் இல்லாத எடத்துல இருந்தா இவருக்கு ஆசுவாசமா இருக்கும்."

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாயம்மாள் நின்றாள். புடவை முந்தியை எடுத்து மூக்கு வரை மூடிக்கொண்டாள். துணிக்குள்ளிருந்து, "மாமா, இப்பப் பாரு" என்றாள்.

ஒச்சப்பன் தயங்கித் தயங்கிப் பார்த்தான்.

"நான் பேசுறேன். கேக்குதா?"

ஒன்பது மாதத்துக்குப் பிறகு அவள் பேசும்போது அவன் கண் அவள்மேல் நின்றது. "கேக்குது" என்றான். "நீதான் பேசுற." அங்கேயே வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அதன்பின் நாலு வருஷம் அப்படித்தான் குடும்பம் நடந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் மாயம்மாளின் முந்தி வாய்க்கு ஏறிவிடும். சாப்பாடு பரிமாறும்போது ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் முந்தி. அவன் சிரிக்கிற அளவுக்குத் தேறினான். அவள் சிரிப்பதை மட்டும் அவன் பார்க்க முடியவில்லை. "சிரிச்சியா?" என்று கேட்பான். "சிரிச்சேன்" என்பாள்.

பக்கத்து அறை பீபாத்துதான் ஒருநாள் மாயம்மாளை முற்றத்தில் நிறுத்தி விஷயத்தைச் சொன்னாள். பீபாத்துவின் புருஷன் துபாயில். அவளுக்கு நாள் முழுக்கப் பேச ஆள் வேண்டும், பேச்சி அவள் மடியிலேயே வளர்ந்தவள். "மாயம்மா, உன்டெ மோளு எப்பப் பேசினாலும் கையால வாயப் பொத்தறா. நான் எடு எடுன்னு பறஞ்சாலும் எடுக்கறதில்ல. பல்லு வலியான்னு சோதிச்சேன். ஒண்ணுமில்ல."

பேச்சிக்குப் பல்வலி இல்லை. பேசக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அம்மா வாயை மூடித்தான் பேசுகிறாள். அப்பாவிடம் வாயை மூடித்தான் பேச வேண்டும். பேச்சு என்றாலே அப்படித்தான் என்று அவள் நினைத்துவிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது அது பெரிதாயிற்று. ஒன்றாம் வகுப்பில் டீச்சர் கேள்வி கேட்டால் பேச்சி எழுந்து, வலது கையால் வாயைப் பொத்திக்கொண்டு, சரியான பதிலைச் சொன்னாள். பிள்ளைகள் சிரித்தார்கள். வாய்பொத்தி என்று பெயர் வைத்தார்கள். டீச்சர் கையைப் பிடித்து இறக்கினால் பேச்சே வரவில்லை. மாயம்மாளைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவள் போய் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தாள். நாற்பது பிள்ளைகள் வாயைத் திறந்து பாடம் ஒப்பிக்கிற இடத்தில், தன் மகள் ஒருத்தி மட்டும் எதையோ திருடித் தின்கிறவள்போல் கையை வாயில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

அவள் இதை ஒச்சப்பனிடம் சொல்லவில்லை. பேச்சியே சொல்லிவிட்டாள்.

ஒரு சாயங்காலம் பையை எறிந்துவிட்டு வந்தவள், அப்பாவுக்கு எதிரே நின்று, கையை எடுத்துவிட்டு, தொண்டை கிழியக் கத்தினாள்: "எனக்கு எல்லாரையும் மாதிரி பேசணும்! கையெடுத்துட்டுப் பேசணும்! நீ என்னயப் பாக்கணும்!"

ஒச்சப்பன் கண்ணைத் திறந்தே வைத்திருந்தான். மாயம்மாள் அதைப் பார்த்தாள். அவன் இரண்டு கையையும் தரையில் ஊன்றிக்கொண்டு, முகம் வெளிறி, நெற்றியில் வேர்வை துளிர்க்க, மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். கத்தல் நின்ற பிறகும், குழந்தை வாயை மூடிவிட்ட பிறகும், அவன் கண் எதையோ பின்தொடர்ந்தது. பிறகு குனிந்து வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தான்.

"அப்பாவுக்கு என்னயப் பாத்தா வாந்தி வருது" என்றாள் பேச்சி, கையைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டு.

அந்த வாரமே ஒச்சப்பன் மேஸ்திரி வெங்கிடாசலத்திடம் போய் ஏதாவது தனியான இடத்தில் வேலை கேட்டான். ஆலுவாவில், பெரியாற்றங்கரையில், ஓட்டுக் கம்பெனி ஒன்றுக்கு மண் குவித்துவைக்கிற திடல் இருந்தது. பகல் முழுக்கக் காவலுக்கு ஒரு ஆள் வேண்டும். தங்க ஒரு ஓட்டு அறை. நாளில் இரண்டு முறை வள்ளம் வந்து மண் இறக்கும். மற்ற நேரம் ஆறும் காக்காயும்தான்.

"நானும் வர்றேன்" என்றாள் மாயம்மாள், முந்திக்குள்ளிருந்து.

"புள்ளயோட படிப்பு?"

"அங்க பள்ளிக்கூடம் இல்லையா?"

"பள்ளிக்கூடம் இருக்கும் புள்ள. வீட்டுல நானும் இருப்பேன்ல?" என்றான் அவன். "நான் இருக்கற வீட்டுல அவ வாயத் தொறக்கமாட்டா. நான் இல்லாட்டித் தொறப்பா."

மறுவாரம் அவன் மட்டும் கிளம்பினான். படகுத்துறையில் பேச்சி அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வாயைப் பொத்திக்கொண்டுதான் அழுதாள்.

அவன் சொன்னது சரியாகத்தான் போயிற்று. ஆறு மாதத்தில் பேச்சியின் கை இறங்கியது. ஒரு வருஷத்தில் மலையாளத்தில் பாட்டு ஒப்பித்துப் பரிசு வாங்கினாள். மாயம்மாள் கைதட்டினாள். வீட்டில் அதைச் சொல்ல ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் படகு ஏறி, பஸ் மாறி, ஆலுவா போனாள். சோறு கொண்டுபோனாள். அறையைப் பெருக்கினாள். முந்தியைப் பிடித்துக்கொண்டு ஊர்க்கதை சொன்னாள். தனிமையில் இருந்து இருந்து அவனுக்கு இப்போது துணிக்குப் பின்னால் அசைகிற தாடைகூடத் தொந்தரவாக இருந்தது. துணி அசைவதும் பிந்தித்தான் அசைந்தது. அவன் சொல்லவில்லை. அவளே கண்டுகொண்டு பேச்சைக் குறைத்தாள்.

பீபாத்துதான் வழி சொன்னாள். அவளுடைய புருஷன் கடிதம் எழுதுவதில்லை. கேசட்டில் பேசி அனுப்புவான், இவளும் பேசி அனுப்புவாள். ஊரில் பாதி வீட்டில் அப்படித்தான் நடந்தது. "நீயும் இதில பேசு மாயம்மா. அவன் கேக்கட்டே. இதுக்கு வாயில்லல்லோ" என்று சொல்லி, தன்னிடம் இருந்த பழைய டேப்ரிக்கார்டரை ஒச்சப்பனுக்கென்று கொடுத்துவிட்டாள்.

முதல் கேசட்டைப் பீபாத்துவின் மிஷினில் பதிந்தபோது மாயம்மாளுக்குக் கூச்சமாக இருந்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். முந்தியை எடுக்கப் போன கையை நிறுத்தினாள். மூடவேண்டியதில்லை. ஐந்து வருஷத்துக்கு அப்புறம் புருஷனிடம் வாயைத் திறந்து பேசினாள். பேச்சி பரிசு வாங்கியதை, மாடத்திக்குப் பேரன் பிறந்ததை, சுக்குக்கு இந்த வருஷம் மவுசில்லாததை, வாய்க்கால் பொங்கி வீட்டுக்குள் தண்ணீர் வந்ததை, மனம் விட்டுச் சொன்னாள். கேசட் ஒரு பக்கம் தீர்ந்துவிட்டது. அந்த ஞாயிறு அதையும் பழைய டேப்ரிக்கார்டரையும் கொண்டுபோய் அவனிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

அடுத்த ஞாயிறு அவனைப் பார்த்தபோது வேறு ஆளாக இருந்தான். முகம் தெளிந்திருந்தது. "நல்லாப் பேசியிருந்த புள்ள! அந்த மாடத்தி பேரன் கதையக் கேட்டு அப்படிச் சிரிச்சேன். நாலு தடவ போட்டுக் கேட்டேன். நீ இங்க உக்காந்து பேசுற மாதிரியே இருந்துச்சு."

ஜன்னல் மாடத்தில் டேப்ரிக்கார்டர். அதன்மேல், சுவரில் சாய்த்து, அவர்கள் கல்யாணத்தின்போது ஸ்டூடியோவில் எடுத்த போட்டோ. ஒச்சப்பன் அதைத் தன்னோடு கொண்டுவந்திருந்தது அவளுக்குத் தெரியும். இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதை இப்போதுதான் பார்த்தாள். அதில் அவள் வாய் மூடியிருந்தது. அவள் முதுகுக்குப் பின்னால் நின்று ஒச்சப்பன் ஏதோ ஒரு சந்தோஷத்தில் சொல்லிக்கொண்டிருந்தான்: "போட்டோவப் பாத்துக்கிட்டே கேப்பேன். ஒரு தொல்லையும் இல்ல. வாய் அசையாதுல்ல."

மாயம்மாள் சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கழுவுவதற்காக வெளியே போனாள். உள்ளேயிருந்து அவன், "பேச்சி எப்படி இருக்கா?" என்று கேட்டான். அவள் அறைக்குப் பின்பக்கம், சுவருக்கு இந்தப் புறம் நின்றுகொண்டு பதில் சொன்னாள். அவன் இன்னொன்று கேட்டான். சொன்னாள். அவன் குரல் துள்ளியது. பழைய ஒச்சப்பனாகக் கேலி பேசினான், மேஸ்திரியைப்போல் பேசிக் காட்டினான், தானே சிரித்தான். சுவருக்கு இந்தப் பக்கம் மாயம்மாளின் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்து பாத்திரத்தில் விழுந்துகொண்டிருந்தது. குரலில் அது தெரியாமல் பார்த்துக்கொண்டாள். ஈரமான கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் உற்சாகமாகவே பதில் சொன்னாள். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவர்கள் அவ்வளவு நேரம் பேசியதில்லை.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவள் முன்பக்கம் வந்து பையை எடுத்தாள். ஒச்சப்பன் அவளை அன்போடு பார்த்தான்.

"ரெண்டு படகு, ரெண்டு பஸ்ஸு. உனக்கு எவ்வளவு அலைச்சல். இனிமே வாராவாரம் வராத புள்ள. மேஸ்திரி இந்தப் பக்கம் அனுப்புற லாரியில கேசட்டக் குடுத்துவிடு, போதும்."

கரிசனத்தோடுதான் சொன்னான். அவள்மேல் அவனுக்கு இருந்த பிரியத்தில் ஒரு குறையும் இல்லை. அதனால்தான் மாயம்மாளுக்கு அதைக் கோபித்துக்கொள்ளவும் வழியில்லாமல் போயிற்று. தலையை ஆட்டினாள்.

அதிலிருந்து கேசட்தான். பிறகு மாதம் ஒரு முறை போனாள். போகும்போது பேசாமலே இருந்துவிட்டு வருவது என்று யாரும் சொல்லாமல் வழக்கமாயிற்று. சோற்றை வைப்பாள். இருவரும் ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். அவன் ஏதாவது சொல்வான், அவள் தலையை அசைப்பாள்.

எண்பத்தேழில் ஒரு வியாழக்கிழமை பேச்சி பெரியவளானாள். பீபாத்து முட்டையும் நல்லெண்ணெயும் கொடுத்தாள். மாடத்தி வந்து தண்ணீர் ஊற்றினாள். தகப்பன் இந்தச் செய்தியைக் கேசட்டில் கேட்கக் கூடாது என்று மாயம்மாள் நினைத்தாள். இதையாவது நேரில் சொல்ல வேண்டும். ஞாயிறு காலை முதல் படகிலேயே கிளம்பினாள். சுவருக்குப் பின்னால் நின்று சொல்லக் கூடாது, முந்தியைப் பிடித்துக்கொண்டும் சொல்லக் கூடாது, எதிரே நின்று சொல்லி அவன் முகத்தைப் பார்க்க வேண்டும், ஒரு நிமிஷம் பொறுத்துக்கொள்ளட்டும் என்று பஸ்ஸெல்லாம் யோசித்துக்கொண்டே போனாள்.

ஒச்சப்பன் மண்குவியலுக்குப் பக்கத்தில், வேப்பமர நிழலில் இருந்தான். தலை பாதி நரைத்திருந்தது. அவளைக் கண்டதும் எழுந்து துண்டை விரித்து உட்காரச் சொன்னான். அவள் எதிரே உட்கார்ந்தாள். அவன் அவளைப் பார்த்தான். வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தான். வெயிலில் வந்ததால் அவள் முகம் சிவந்து, முன்மயிர் நெற்றியில் ஒட்டியிருந்தது.

"இன்னைக்கு என்னமோ நல்லா இருக்க புள்ள" என்றான். "கொஞ்ச நேரம் அப்படியே இரு. பாத்துக்கிறேன்."

அவன் கண்ணில் பயம் இல்லை. மூட்டை விழுவதற்கு முன்னால் இருந்த கண். மாயம்மாளின் தொண்டை வரை வந்த செய்தி அங்கேயே நின்றது. வாயைத் திறந்தால் இந்தப் பார்வை போய்விடும். அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். உதட்டை மூடிக்கொண்டாள். அவன் பார்த்துக்கொண்டிருந்தான். மண் வள்ளம் வந்து, இறக்கிவிட்டுப் போயிற்று. சோறு சாப்பிட்டார்கள். நாலரை மணிக்கு அவள் எழுந்தாள்.

வீட்டில் பேச்சி புதுப் பாவாடையோடு மூலையில் உட்கார்ந்திருந்தாள். "அப்பா என்ன சொன்னாரும்மா?" என்று கேட்டாள்.

"சந்தோசப்பட்டாரு" என்றாள் மாயம்மாள்.

பிறகு பீபாத்துவின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, டேப்ரிக்கார்டரில் புதுக் கேசட்டைப் போட்டாள்.